பெரிய கும்பிடு

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள் பம்மல் ரோஜா நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் இரண்டு ஃப்ரிட்ஜ், ஒரு மாருதி கார், ஓர் இங்கிலாந்துப் பிரபுவின் கல்லறை ஆகியவை கிடந்தன. ஃப்ரிட்ஜுக்கும் காருக்கும் உரியவர்கள் அனகாபுத்தூர் பக்கமிருந்து வந்து, பார்த்து அழுதுவிட்டு, எடுத்துப் போனார்கள். கல்லறையைத் தேடி யாரும் வரவில்லை. அது நீளமான ஒரு கல்பெட்டி. மேல்மூடியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மல்லாந்து படுத்தபடி செதுக்கப்பட்டிருந்தார்கள். ஆணுக்கு இரும்புச் சட்டை, இடுப்பில் வாள், காலடியில் சிங்கம். பெண்ணுக்கு நீண்ட அங்கி, காலடியில் நாய்க்குட்டி. பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அடி உயரத்தில் மூன்று பையன்கள் அழுதுகொண்டு நின்றார்கள். படுத்திருந்த இருவரும் நெஞ்சின்மேல் கைகூப்பியிருந்தார்கள். அவர்கள் ஊரில் அது கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிற முறை. பம்மலில் அதற்கு வேறு அர்த்தம். அதுவும் அந்த வாரம் தெருவுக்கு வந்த பால்பவுடர், பெட்ஷீட், பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றின்மேலும் ஒட்டிய ஸ்டிக்கரில் யாராவது ஒரு தலைவர் கைகூப்பிக்கொண்டிருந்ததால், இதுவும் நிவாரணம்தான் என்று மக்கள் முடிவு செய்து, உள்ளே அரிசி இருக்கிறதா என்று மூடியைத் தட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. சேற்றில் ஊறிய கல் காய்ந்ததும் பிரபு எழுந்து உட்கார்ந்தார். அவர் பெயர் சர் ஹம்ஃப்ரி டி வாக்ஸ்டெட். இறந்து அறுநூற்று எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஆலிஸ் எழுந்து, முதல் காரியமாகத் தும்மினாள். பையன்கள் மூவரும் பக்கவாட்டிலிருந்து கழன்று இறங்கி, தெருவில் நின்று, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்கள். மூவருக்கும் வில்லியம் என்றே பெயர். முதல் வில்லியம் சிறு வயதில் இறந்ததும் அடுத்தவனுக்கு அதையே வைத்தார்கள், அவனும் இறந்ததும் அதற்கடுத்தவனுக்கு. நல்ல பெயர், வீணாகக் கூடாது. நாய்க்குட்டி தெருநாய்களோடு போய்விட்டது; ஒரு வாரத்தில் அவற்றில் எது அது என்று அடையாளம் தெரியாமல் ஆனது. சிங்கம் விஷயத்தில் மட்டும் பயம் இருந்தது. வண்டலூரில் மிருகங்களோடு வேலை பார்த்து ரிடையர் ஆன ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் இரண்டு முறை சுற்றிவந்தார். "இது சிங்கம் இல்லீங்க. ஆனா இன்னான்னும் தெர்ல" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். செதுக்கியவன் ஆயுளில் சிங்கத்தைப் பார்த்ததில்லை. அது பல்வலி வந்த பூனை மாதிரி இருந்தது.

அந்தத் தெருவில் ஹிதாயத்துல்லா பாய் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற தோல் கையுறைகள் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். மாடியில் குடியிருந்தவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து நாவலூரில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குப் போய், அங்கே லிஃப்ட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலி மாடியில் பிரபு குடும்பத்தைப் பாய் ஏற்றினார். கல்பெட்டியை நகர்த்த எட்டுப் பேர் வந்து, எட்டுப் பேரும் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனதால், அது தெருவிலேயே இருந்தது. அதன்மேல் பட்டறைக்காரர்கள் தோல் காயப்போட்டார்கள். சிங்கத்தைப் பாய் பட்டறை வாசலில் கட்டினார். சாயங்காலம் கடை மூடும்போது அதற்கு ஒரு பட்டர் பிஸ்கட்.

வெள்ளத் தண்ணீர் காதுக்குள் போயிருந்ததால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தமிழ் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் எல்லாமே இருந்தது. ஆலிஸ் பேசினாள். பிரபு பேச மறுத்தார். அவர் காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் பேசியது பழைய பிரெஞ்சு. ஆங்கிலம் என்பது பன்றி மேய்ப்பவர்கள் பேசுவது. தமிழ் அதற்கும் கீழே எங்கேயோ. மெயின் ரோட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தியவர், அசல் இங்கிலாந்துக்காரர் வந்திருக்கிறார் என்று சால்வையோடு ஓடிவந்து, தன் மாணவர்களிடம் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கெஞ்சினார். பிரபு தரையில் துப்பினார். அது ஏதோ உச்சரிப்புப் பயிற்சி என்று சென்டர்காரர் மறுநாள் வகுப்பில் செய்துகாட்டினார். பிரபு என்றால் என்ன என்று ஆலிஸ் தெருவுக்கு விளக்கியதில் அவருக்குப் பெயர்தான் கிடைத்தது. தெருவில் ஏற்கெனவே இரண்டு பிரபு உண்டு. ஒருவர் ஏசி மெக்கானிக், இன்னொருவர் பத்தாவது ஃபெயில். குழப்பம் வராமலிருக்க இவரைக் கல்லு பிரபு என்றார்கள். மரியாதைக்குக் கல்லு பிரபு சார்.

அந்த 'சார்' அவரை மிகவும் வருத்தியது. 'சர்' என்கிற பட்டம், ஸ்காட்லாந்து எல்லையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிராமத்தைக் கொளுத்தியதற்காக அரசன் அவர் தோளில் வாளால் தட்டிக் கொடுத்தது. பல்லாவரம் போகிற ஷேர் ஆட்டோவில் அவர் முதல்முறை ஏறியபோது, ஓட்டுநர் தீனா திரும்பிப் பார்த்து, "சார், கொஞ்சம் உள்ள தள்ளு சார். இந்த சாருக்கு எடம் குடு. யோவ் சார், காலை உள்ள இஸ்துக்கோ" என்றான். ஒரே மூச்சில் மூன்று பேருக்குப் பட்டம். அவர்களில் ஒருவன் மடியில் கோழி வைத்திருந்தான். பிரபு அதற்குப்பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறவில்லை.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆலிஸ், பட்டறையில் கையுறை தைக்கிற கனகவல்லிக்குச் சொன்னாள். கனகவல்லி தெருவுக்குச் சொன்னாள். சொல்லும்படி அதில் அதிகம் இல்லை. ஆலிஸை ஒன்பது வயதில் பதினோரு கிராமங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பக்கத்து நிலத்துப் பிரபுவோடு ஒரு மாவு மில்லுக்காக வாழ்நாள் முழுக்க வழக்காடித் தோற்றார். அரசனுக்கும் மற்ற பிரபுக்களுக்கும் சண்டை வந்தபோது மூன்று தடவை கட்சி மாறினார். மூன்று தடவையும் ஜெயித்தவன் பக்கம் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துகொண்டார். கடைசியில் ஒரு பெரிய போருக்குப் புறப்பட்டு, போகிற வழியில் வயிற்றுப்போக்கில் இறந்தார். கல்லறையில் வாள் செதுக்கினார்கள். ஆலிஸ் அதற்குப்பின் இருபது வருடம் நிம்மதியாக இருந்தாள்; பிறகு அவளையும் கொண்டுவந்து அவர் பக்கத்திலேயே படுக்க வைத்தார்கள்.

எழுந்த நாளிலிருந்து கணவன் மனைவி இருவருக்கும் கை பிரியவில்லை. இரண்டு உள்ளங்கையும் ஒட்டியே இருந்தன. பிரபுவுக்கு வில்லியம்கள் ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு ஏறி இட்லி ஊட்டினார்கள், ஆலிஸுக்குக் கனகவல்லி. பிரபு இதைக் குறையாக நினைக்கவில்லை. கை இருந்தும் அதனால் ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் பிரபுத்தனம். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. காலையில் பால்கனியில் நின்று தெருவையே வெறுத்துப் பார்ப்பார். தண்ணீர் லாரிக்கு நிற்கிறவர்களையும், ஸ்கூட்டரை உதைக்கிறவர்களையும், டிபன் பாக்ஸோடு ஓடுகிறவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்து, பழைய பிரெஞ்சில் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். கூப்பிய கையோடு. கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "வணக்கம் சார், வணக்கம்" என்று பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எவ்வளவு பெரிய இடத்து மனுஷன், தினமும் காலையில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாரே என்று பேச்சு, சங்கர் நகர் வரை போயிற்று. அவர் சொன்னது என்ன என்று கேட்டால், ஆலிஸ், "சாப்ட்டீங்களான்னு கேக்கறாரு" என்பாள். ஆரம்பத்தில் வெட்கத்தினால், பிறகு சோம்பலினால்.

பிரபுவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கொண்டுவந்த தண்ணீர் ஒருநாள் திரும்ப வந்து கொண்டுபோகும். அன்று இருவரும் பழைய இடத்தில் பழையபடி கைகூப்பிப் படுத்தால், கல்லறை புறப்பட்டு வாக்ஸ்டெட் போய்ச் சேரும். அங்கே யாரும் ஷேர் ஆட்டோவில் போவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் மேகம் கறுத்ததும் அவர் ஆலிஸைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, காயப்போட்ட தோலை ஓரமாகத் தள்ளச் சொல்லி, அவளைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பழகிப் பார்ப்பார். யாராவது ஒரு புண்ணியவான் மேலே தார்ப்பாய் போடுவான். மழை முழங்காலோடு நின்றுவிடும். மறுபடி மாடியேறுவார்கள்.

2017-இல் கனகவல்லி நூல்கண்டு வாங்கப் பல்லாவரம் போனபோது ஆலிஸையும் சும்மா கூட்டிப்போனாள். தீனாவின் வண்டி. பின்பக்கம் ஐந்து பேருக்கு எட்டுப் பேர்; ஆலிஸ் ஓரத்தில், பாதி வெளியே. யாருக்கும் சொல்லாமல் யாரோ போட்டிருந்த புது ஸ்பீட் பிரேக்கர் ஒன்று வந்தது. வண்டி எழும்பியது. கனகவல்லி, "யக்கா, கம்பியப் புடிச்சுக்கோ!" என்று கத்தினாள். ஆலிஸ் பிடித்துக்கொண்டாள். வண்டி கீழே இறங்கி, யாருடைய பையிலோ தக்காளி நசுங்கி, தீனா யாரையோ திட்டி முடித்த பிறகுதான், இரண்டு கையும் தனித்தனியாக இரண்டு கம்பிகளைப் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள். வெளிப்பக்கம் இன்னும் கல்லின் சாம்பல் நிறம். உள்ளங்கை மட்டும் பிறந்த குழந்தையுடையது போல் இளஞ்சிவப்பு. அங்கே உளி போயிருக்கவில்லை. ஒரு ரேகைகூட இல்லை. "ஜோசியக்காரன் பாத்தா நாண்டுக்குனு சாவான்" என்றாள் கனகவல்லி.

மறுவாரமே ஆலிஸ் பட்டறையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் நூல் வெட்டினாள், பிறகு கட்டைவிரல் சேர்த்தாள், ஆறு மாதத்தில் முழுக் கையுறையும் தைத்தாள். ஊசி குத்திக் குத்தி உள்ளங்கையில் ரேகைகள் வர ஆரம்பித்தன. வில்லியம்களுக்கும் வேலை கிடைத்தது. செதுக்கும்போதே துக்கம் காக்கிறவர்களாகச் செதுக்கப்பட்டதால் அவர்களுக்கு அழுகையைத் தவிர வேறு தெரியாது. அதை எந்த நேரத்திலும், எவருக்காகவும், ஓய்வில்லாமல் செய்வார்கள். பம்மலில் சாவு வீடுகளில் சொந்தக்காரர்கள் மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். மூன்று பேரையும் ஒரு மீன் கூடையில் வைத்துத் தூக்கிப்போய், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டால் போதும். கோவளத்தில் ஒரு படகுக்காரர் இறந்தபோது அங்கிருந்துகூட ஆள் வந்தது.

பிரபு மட்டும் மனைவியின் கையைப் பார்த்து இடிந்துபோனார். கடவுளுக்கும் தனக்கும் சேர்த்துக் கூப்பிய கை, ஷேர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துவிட்டது. மறுபடி சேர் என்றார். சண்டை எதற்கு என்று அவளும் ஒரு சாயங்காலம் அவர் எதிரில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிவியில் ஒரு சீரியல் முடிவதற்குள் விரல் நுனிகள் குளிர்ந்து, அடுத்த சீரியல் பாதியில் மணிக்கட்டுவரை மரத்துவிட்டது. அலறி அடித்து ஓடிவந்த கனகவல்லி சுடுகஞ்சி ஊற்றித் தேய்த்துத்தான் பிரித்தாள். அன்றைக்கு ஆலிஸுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்துபோயிற்று: இன்னொரு தடவை அந்த மனிதர் பக்கத்தில் கைகூப்பிப் படுத்தால், பிறகு எந்த ஸ்பீட் பிரேக்கராலும் முடியாது. அந்த வருடம் ஐப்பசியில் பிரபு ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது, டெலிவரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பிரபு சொன்னார்: இப்போது வேண்டாம், தண்ணீர் வரும்போது வந்துதான் ஆகவேண்டும், உன்னைப் பதினோரு கிராமங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிராமங்கள் எங்கேயும் ஓடிப்போகவில்லையே?

2022-இல் வார்டுத் தேர்தல் வந்தது. அந்தப் பகுதியில் சத்தியநாதன் என்று ஒருவர் இரண்டு கட்சிகளில் மாறி மாறி நின்று இரண்டிலும் தோற்றிருந்தார். ஒரு காலை அவர் மூன்றாவது குறுக்குத் தெருவழியே போனபோது பால்கனியில் பிரபுவைப் பார்த்தார். கும்பிட்ட கை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதே கை. மத்தியானம் மெனக்கெட்டு வந்து பார்த்தார். பிரபு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார், கும்பிட்டபடி. சத்தியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருட அரசியலில் ஓட்டு எண்ணி முடித்த பிறகும் இறங்காத கையை அவர் பார்த்ததில்லை. மூன்று தடவை கட்சி மாறியும் தலை தப்பித்த கதையைக் கேட்டதும் தானே காலில் விழுந்தார். வேட்பாளருக்குக் குறைந்தபட்ச வயதுதான் சட்டத்தில் உண்டு, அதிகபட்சம் இல்லை. செத்தவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நிற்பதுதான் கொஞ்சம் புதிது. பிரபுவிடம் ஆலிஸ் மூலம் கேட்டபோது, இந்த ஜனங்கள்மேல் தனக்கு அதிகாரம் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றார் சத்தியநாதன். எத்தனை கிராமம்? ஒரு வார்டு. அது பதினொன்றைவிடப் பெரியதா? ஜனம் அதிகம் சார். பிரபு சம்மதித்தார்.

ஜோடியாக நின்றால்தான் தாய்மார்கள் ஓட்டு விழும் என்று சத்தியநாதன் ஆலிஸையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். அவள் மறுத்ததும், பாயின் பட்டறைக்கு லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று பொதுவாக விசாரித்தார். ஆலிஸ் ஏறினாள். பிரச்சாரம் காலை முதல் இருட்டும்வரை. அவ்வளவு நேரம் கையைக் கூப்பி நிற்கவேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் முழங்கைவரை உணர்ச்சி போய்விட்டது. அன்று கனகவல்லி கஞ்சி ஊற்றிக்கொண்டே, "ஏன்கா, கையில தோல மாட்டிக்கோயேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல எதுனா இருந்தா எப்டி ஒட்டும்?" என்றாள். மறுநாளிலிருந்து ஆலிஸ் தான் தைத்த வெல்டிங் கையுறைகளை மாட்டிக்கொண்டு கும்பிட்டாள். வெயில் காலத்துக்கு முன்பே முழங்கை வரை தோல் உறை போட்டு ஒரு பெண் ஓட்டுக் கேட்பதைப் பார்த்து, அது ராஜ வம்சத்து வழக்கம் என்று தெரு நினைத்தது. அடுத்த வாரம் இன்னொரு வேட்பாளரின் மனைவி பல்லாவரம் சந்தையில் வாங்கிய ஓவன் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாள்.

கடைசி நாள் கூட்டம், ரேஷன் கடை முனையில். சத்தியநாதன் பிரபுவைப் பேசச் சொன்னார். அண்ணியார் மொழிபெயர்ப்பார் என்று அறிவித்தார். பிரபு மைக்குக்குமுன் நின்று, ஆறு வருடம் பால்கனியிலிருந்து சொன்னதையெல்லாம் தொகுத்து, ஒழுங்குபடுத்தி, நிதானமாகச் சொன்னார். ஆலிஸ் அவரைப் பார்த்தாள். முன்வரிசையில் நாற்காலிக்கு அடித்துக்கொண்டவர்களைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு 'சாப்ட்டீங்களா' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டால் அவர் தோற்பார், தோற்றால் லைசென்ஸ் பேச்சும் போகும் என்று கணக்குப் போட்டாள்.

"நீங்கள்லாம் சாணின்னு சொல்றாரு" என்றாள் மைக்கில். "சாணி அள்றதுக்குன்னே பொறந்தவங்களாம். உங்க மூஞ்சியப் பாத்தாலே அவுருக்குக் கொமட்டுதாம். அவுரு ஊரா இருந்தா உங்க வூட்டையெல்லாம் கொளுத்திட்டு அந்த வெளிச்சத்துல சாப்டுவாராம். கை ஒட்டிக்கினு கீது, அதான் கும்பிட்ற மாதிரி கீதாம். பிரிஞ்சா உங்கள்ல ஒருத்தனையும் கும்பிட மாட்டாராம்."

மைக் செட்காரர் ஒயரை அசைத்துப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்தான். அடுத்தவன் அடித்தான். "மனசுல ஒண்ணு, வெளில ஒண்ணு கெடையாது, பாத்தியா? உள்ளத அப்டியே சொல்றாரு!" என்று ஒரு பெரியவர் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்காரர் அழுதார். கைதட்டல் ஓயாமல் நீடித்ததால் பட்டாசை முன்கூட்டியே வெடித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் கனகவல்லி ஆலிஸின் கையுறையைக் கழற்றிவிட்டபடி, "இவனுங்களுக்கு இதான்கா வோணும். நீ வேற பாவம், தொண்ட வலிக்கக் கத்திகினு" என்றாள். பிரபு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏசி மெக்கானிக் பிரபுவுக்குத் தவறாக ஒரு மாலை போயிற்று.

கவுன்சிலராக அவர் செய்தது என்று குறிப்பிட ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாதது அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது. அவர் லஞ்சம் வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு நோட்டு நுழைய இடமில்லை. இப்படி ஒரு நேர்மையைப் பம்மல் கண்டதில்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். சத்தியநாதனுக்கு இரண்டு கையும் தனித்தனியாக இருந்தன. வேலைகள் அந்த வழியாக நடந்தன. மழைநீர் வடிகாலுக்கு இரண்டு முறை பூமிபூஜை போட்டார்கள், இரண்டும் ஒரே இடத்தில். மக்கள் குறை சொல்லிக்கொண்டு வந்தால் பிரபு முழுவதையும் கேட்டு, கும்பிட்டபடி அவர்கள் தாயைப் பழித்து ஒரு வார்த்தை சொல்வார். அவர்கள் திருப்தியோடு போவார்கள்.

2023 டிசம்பரில் புயல் வந்தது. இரண்டு நாள் மழை பெய்து, மூன்றாம் நாள் காலை வெளிச்சம் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஏறிக்கொண்டிருந்தது. படகு அனுப்பச் சொல்லி கவுன்சிலருக்கு எல்லோரும் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். போன் சத்தியநாதனிடம் இருந்தது. அவர் எதிர் மொட்டைமாடியில் இருந்தார். அப்போது கல்லறை ஒரு முறை குலுங்கி, எட்டுப் பேரால் அசைக்க முடியாத அது, தண்ணீர்மேல் தெர்மாகோல் மாதிரி எழும்பியது. பிரபு வீட்டிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்து வந்தார். பதவிக் காலத்தில் அவர் தெருவில் இறங்கி மக்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளத்தைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று பால்கனிகளில் கைதட்டினார்கள். அவர் ஏறித் தன் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் காலியாக, தோல் காயவைத்த கறைகளோடு, தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றது. அவர் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"வந்து படுன்னு சொல்றாரு" என்றாள் ஆலிஸ், பழக்க தோஷத்தில், பால்கனியிலிருந்து.

எதிர் மொட்டைமாடியிலிருந்து சத்தியநாதன், "போம்மா, புருஷன் கூப்டறாரு இல்ல? பேலன்ஸ் ஆவாம கவுந்துரப் போறாரு. ஜனங்க இன்னா நெனைக்கும்?" என்றார். ஜனங்களும் அதையே நினைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பால்கனிகளிலிருந்து, "போங்கம்மா", "எப்டி இருந்தாலும் ஆம்பள இல்லாம இன்னா", "போய்ட்டு ஒரு வாரத்துல வந்துருங்க" என்று ஆளுக்கொன்று வந்தது. பட்டறையின் தையல் மெஷின்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்த ஹிதாயத்துல்லா பாய், "ஆலிஸம்மா, வியாழக்கெழம நூறு ஜோடி அனுப்பணும். உன் இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பக்கத்தில் நின்ற கனகவல்லி அவளைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி, "கம்பியப் புடிச்சுக்கோ யக்கா" என்றாள் மெதுவாக. ஆலிஸ் ஏற்கெனவே பிடித்திருந்தாள்; பால்கனி கிரில்லை, இரண்டு கையாலும், கையுறையோடு.

பெட்டி நகரத் தொடங்கியது. பிரபு மறுபடி கத்தினார். இந்த முறை பதினோரு கிராமங்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லி, பன்னிரண்டாவதாக அவள் பெயரைச் சொன்னார். ஆலிஸ் கிரில்லை விட்டாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கனகவல்லியிடம் கொடுத்தாள். வெறும் கையோடு, நன்றாக முன்னால் நீட்டி, தலைக்குமேல் தூக்கி, அவருக்குப் பெரிய கும்பிடாக ஒன்று போட்டாள்.

பம்மலில் அந்தக் கும்பிடு எல்லோருக்கும் தெரியும். கடன்காரனுக்கும், கெட்ட சகவாசத்துக்கும், விட்டுவிட்ட சிகரெட்டுக்கும் போடுவது. ஆனால் உள்ளங்கைகள் சேர்ந்ததும் விரல் நுனியிலிருந்து சாம்பல் நிறம் இறங்க ஆரம்பித்தது. காத்திருந்தது போல, முன்னைவிட வேகமாக. "பிரி யக்கா, பிரி!" என்று கனகவல்லி கத்தினாள். ஆலிஸ் அவசரப்படவில்லை. போட வேண்டிய கும்பிடை முழுசாகப் போட்டு முடித்தாள். பிறகு, தையலைப் பிரிப்பது போல ஒரு சத்தத்தோடு, கைகளைப் பிரித்து எடுத்தாள். உள்ளங்கையில் ரேகைகள் அப்படியே இருந்தன. இரண்டு ஊசிக் குத்துகளில் மட்டும் கொஞ்சம் ரத்தம்.

கல்லறை ஒரு பக்கம் சாய்ந்தபடியே தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டில் திரும்பி, அடையாற்றை நோக்கிப் போயிற்று. பிரபு சரிந்து சரிந்து நடுவில் வந்து படுத்துக்கொண்டதும் அது நேராயிற்று. அவருக்கு எப்போதுமே மொத்தப் படுக்கையும் போதுமானதாக இருந்தது. போகிற வழியெல்லாம் இரண்டு பக்கத்து மாடிகளையும் பார்த்து, கை கூப்பியபடி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே போனார். பம்மல் முழுக்க மக்கள் மழையில் நனைந்தபடி நின்று பதில் வணக்கம் சொன்னார்கள். இவ்வளவு வெள்ளத்திலும் நேரில் வந்தாரே என்று அனகாபுத்தூரில் இன்னமும் சொல்கிறார்கள்.

வில்லியம்கள் அப்பாவுக்காக இரண்டு நாள் அழுதார்கள். அதற்குக் கூலி கேட்கவில்லை. கல்லறை கிடந்த இடத்தில் ஏசி மெக்கானிக் பிரபு வண்டி நிறுத்துகிறார். சிங்கம் பட்டறை வாசலில்தான் இருக்கிறது, சமீபத்தில் குட்டி போட்டது; அவையும் என்னவென்று தெரியவில்லை. நூறு ஜோடி கையுறை, தண்ணீரால் தாமதமாகி, வெள்ளிக்கிழமை போயிற்று. இடைத்தேர்தலுக்கு நான்கு பேர் நின்றார்கள். முதல் ஆள் வீடு வீடாகக் கைகூப்பிக்கொண்டு வந்தபோது, மெஷினை நிறுத்தாமல் ஆலிஸ் நிமிர்ந்து பார்த்து, "கையக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுப்பா" என்றாள். அவருக்குப் புரியவில்லை என்றாலும் பிரித்துக் காட்டினார். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. இப்போது ரோஜா நகரில் ஓட்டுக் கேட்டு வருகிற எவரும் முதலில் கையைப் பிரித்துக் காட்டவேண்டும். காட்டுகிறார்கள். உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.